பச்சை மூடியும் சிவப்பு மூடியும்

அறுபத்திரண்டு வயது வரைக்கும் தேவராசாவுக்கு அரிசியை எத்தனை தரம் கழுவ வேண்டும் என்று தெரியாது. இதற்காக அவரை மட்டும் பிடித்து ஏசிப் பயனில்லை. ஏசுவதென்றால் மனோர் பார்க்கிலிருந்து இல்ஃபோர்ட் வரைக்கும் நம்முடைய ஆண்பிள்ளைகளில் பாதிப் பேரை வரிசையில் நிறுத்த வேண்டி வரும். தொண்ணூறாம் ஆண்டு லண்டனுக்கு வந்து, பெட்ரோல் நிலையத்தில் பதினொரு வருடம், பிறகு ஒரு பார்சல் கிடங்கில் இருபத்திரண்டு வருடம் என்று உழைத்த மனிதர். மேசைக்குத் தட்டு வரும். சாப்பிடுவார், கையைக் கழுவுவார், எழும்பிப் போவார். அதற்குப் பிறகு மனைவி சிவகௌரி தனக்குப் போட்டுச் சாப்பிடுவாள். அவள் என்ன சாப்பிட்டாள் என்று அவர் பார்த்ததில்லை. அங்கே பார்க்க ஏதாவது இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை.

அப்படிப்பட்ட மனிதரின் கையில் குசினி வந்து சேர்ந்தது சிவகௌரிக்கு மார்பில் கட்டி கண்ட வருடம். கீமோ தொடங்கி இரண்டாம் கிழமையே தாளித மணம் பட்டால் அவளுக்குக் குமட்டும். நின்றால் தலை சுற்றும். மகள் மிதுஷா கிங்ஸ்பரியில் வீடெடுத்து வேலைக்குப் போகிறவள், சனி ஞாயிறில்தான் வரலாம். ஆகவே தேவராசா ஏப்ரனைக் கட்டினார். அதையும் முதல்நாள் பின்பக்கம் முன்னாலே வரும்படி கட்டினார்.

குசினி வாசலில் ஒரு கதிரை போட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, மூக்கில் ஒரு துவாயைப் பிடித்தபடி சிவகௌரி இருந்து சொல்லிக் கொடுப்பாள்.

"உப்பு போட்டாச்சே?"

"போட்டாச்சு."

"எப்ப போட்டனீங்கள்? நான் பாக்கேல்லையே."

"நீர் கண்ணை மூடின நேரம் போட்டனான்."

"அப்ப பருப்பு அவியாதப்பா. அவிஞ்ச பிறகெல்லோ உப்பு."

ஒரு மாதத்தில் மூன்றே மூன்று சாமான் கைக்கு வந்தது. சோறு, பருப்பு, பூசணிக்காய்ப் பால்கறி. வாயெல்லாம் புண் என்றபடியால் மிளகாய் கிடையாது. திங்களும் அதுதான், வெள்ளியும் அதுதான். அரைத்த மாவையே அரைத்தார். கொஞ்சமாகச் சமைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. அவள் சொல்லிக் கொடுத்த கணக்கு மூன்று பேணி அரிசிக்கு இவ்வளவு தண்ணீர் என்பது. அதை ஒரு பேணிக்குக் குறைத்தால் சோறு கஞ்சியாகும் அல்லது கல்லாகும். ஆகவே நாளும் மூன்று பேணிதான். நாளும் மிஞ்சும்.

மிஞ்சியதைக் கொட்டலாம்தானே என்று கேட்கலாம். சிவகௌரியின் வீட்டில் அது நடக்காது. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்து நடந்தபோது, அவள் தாயோடு சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் இருந்தவள். ஒரு அகப்பைச் சோற்றுக்கு வெயிலில் வரிசையில் நின்றவள். அடுத்த வருடம் கலியாணமாகி லண்டன் வந்தும், சோறு கொட்டுகிற வீடு விளங்காது என்பதில் அவள் மாறவேயில்லை. அவள் காலத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு பருக்கை குப்பைக்குப் போனதில்லை. மிஞ்சியதெல்லாம் எங்கே போனது என்று அவர் கேட்டதும் இல்லை.

கீமோ எடுக்கிற உடம்புக்கு நோயை எதிர்க்கிற பலம் குறையும், சாப்பாட்டில் கவனம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நீல நிறத்தில் ஒரு கோப்பும் தந்தார்கள். நாற்பத்தொரு பக்கம், முழுக்க இங்கிலிஷ். அதற்குள் பக்கம் இருபத்தேழில் எல்லாம் இருந்தது. எதைச் சாப்பிடலாம், எதை எத்தனை மணித்தியாலம் வைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று ஒன்றும் பிழையில்லாமல் எழுதியிருந்தது. குடத்துக்குள் விளக்கு என்பது இதுதான். விளக்கில் ஒரு குறையுமில்லை, குடத்தை உடைத்தால்தான் வெளிச்சம்.

குன்றின் மேல் எரிந்த விளக்குகள் வேறு. தேவராசாவின் போனில் ஒவ்வொரு காலையும் யாரோ ஒருவர் வைத்தியராவார். பச்சை உள்ளியை நசுக்கிக் கொடு என்றது ஒரு வீடியோ. பப்பாசி இலைச் சாறு என்றது இன்னொன்று. கடை வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "அண்ணை, பழஞ்சோத்துக்கு மிஞ்சின மருந்தில்லை. ராத்திரி தண்ணி ஊத்தி வெளியில வையுங்கோ, நல்ல கிருமியெல்லாம் அதிலதான்" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். பொய்க்குத் தமிழ் நன்றாக வருகிறது, அதுவும் வீட்டு வாசலுக்கே வருகிறது. உண்மைதான் இருபத்தேழாம் பக்கத்தில் ஒளிந்துகொள்கிறது. அந்தப் பழஞ்சோற்றை அவர் ஒரு காலை கொடுத்தும்விட்டார். நல்லகாலம், அவள் இரண்டு வாயோடு வேண்டாம் என்றாள்.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு இளம் பெண் போனில், "ஆமாம்மா, சாப்ட்டேன், அப்புறம் பேசறேன்" என்று சொல்லிக்கொண்டு போனாள். கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை. தேவராசா ஊசி அறை வாசலில் மனைவியை விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினார்.

"பிள்ளை, ஒரு நிமிசம். நீர் தமிழே?"

அவள் பெயர் பிரீத்தா. சென்னைக்காரி. அந்த ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர். மதியச் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டு அவரோடு நடைபாதையோரத்து வாங்கில் உட்கார்ந்தாள். நீலக் கோப்பில் இருபத்தேழாம் பக்கத்தைத் திறந்து, அவருடைய அப்பாயின்ட்மென்ட் கடிதத்தின் பின்புறத்தில் தமிழில் எழுதித் தந்தாள். பிரிட்ஜுக்குள் ஐந்து டிகிரிக்கு மேல் போகக் கூடாது. பச்சை இறைச்சி கீழ்த்தட்டில். சமைத்த சோறு ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறி பிரிட்ஜுக்குப் போக வேண்டும். சூடாக்கினால் ஆவி பறக்க, அதுவும் ஒரே ஒரு தரம்.

"அங்கிள், இதுல ஒண்ணுதான் ரொம்ப முக்கியம். ஆன்ட்டிக்கு அன்னன்னிக்குச் சமைச்சதை அன்னன்னிக்கே குடுங்க. பழசு வேண்டவே வேண்டாம். பிரிட்ஜ்ல இருந்தாலும் சில கிருமி மெல்ல வளந்துக்கிட்டேதான் இருக்கும். சூடாக்கினா சரியாயிடும்னு நினைக்காதீங்க. நமக்கு ஒண்ணும் ஆகாது, அவங்களுக்கு ஆகலாம்."

"விளங்குது, பிள்ளை. பழசை நான் பாத்துக்கொள்ளுறன்."

அன்று பின்னேரமே நாட்காட்டித் தாளொன்றைத் திருப்பி, பெரிய பேனாவால் எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். பிரிட்ஜுக்குள் வைக்கிற சின்ன வெப்பமானி ஒன்றும் வாங்கி வந்தார். அது ஒன்பது காட்டியது. இத்தனை வருடமும் ஒன்பதில்தான் ஓடியிருக்கிறது! நான்குக்குத் திருகி வைத்துவிட்டு, இரண்டு மணித்தியாலம் கதவைத் திறந்து திறந்து பார்த்தார். "இப்பிடித் திறந்து பாத்தால் அது எப்பிடிக் குளிரும்?" என்று சிவகௌரி சிரித்தாள்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஒரே அளவில் சாப்பாட்டுப் பெட்டிகள் வாங்கினார். மூடிகள் மட்டும் இரண்டு நிறம். மத்தியானம் இருவரும் அப்போது சமைத்ததைச் சாப்பிடுவார்கள். அவளுடைய இரவுச் சாப்பாட்டுக்கு அதே புதுச்சோறும் கறியும் பச்சை மூடிப் பெட்டியில் பிரிட்ஜுக்குப் போகும். நேற்று மிஞ்சியது, சில நாளில் முந்தநாள் மிஞ்சியதும், சிவப்பு மூடிப் பெட்டியில். அது அவருக்கு, பின்னேர ஷிப்டுக்குக் கொண்டுபோக. பச்சை கௌரி, சிவப்பு தேவராசா. சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

முதல்நாள் அவள் மறுத்தாள்.

"இரவு பத்து மணி வரைக்கும் நிண்டு பாரம் தூக்கிற மனிசன் பழசைத் தின்னலாமோ? அதை எனக்கு வையுங்கோ. நான் வீட்டில சும்மா இருக்கிறனான்."

"கௌரி, தாளைப் பாரும். என்ன எழுதியிருக்கு?"

"நான் பழகினனான் அப்பா."

"உம்மட பழக்கமெல்லாம் இப்ப சரிவராது. சொன்னதைக் கேளும்."

"சரி," என்றாள்.

அவருக்கு அது வெற்றியாகத்தான் பட்டது. இருபத்தேழு வருடத்தில் எந்த வாதத்தையும் அவள் ஒரு சொல்லில் விட்டுக்கொடுத்தவளில்லை என்பது அந்த நேரம் அவருக்கு நினைவு வரவில்லை.

நல்ல கிழமைகள் வந்தன. பத்தரைக்கு அவர் வேலையால் வரும்போது பச்சை மூடிப் பெட்டி கழுவித் தட்டில் கவிழ்த்திருக்கும். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டிருக்கிறாள் என்று அவருக்குத் தலைகால் தெரியாது. அரைக் கிலோ கூடியிருக்கிறாள் என்று நர்ஸ் சொன்ன அன்று கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார். வேலையிடத்தில் அவரோடு நிற்கிற றஜீவனிடம் தன் சமையலைப் பற்றியே பேச்சு.

"என்ர கை திருந்தீட்டுது றஜீவன். நேற்றையான் கறி, நம்பமாட்டீர், இப்ப சமைச்சது மாதிரிக் கிடக்கு."

"பழங்கறி எண்டால் அப்பிடித்தான் அண்ணை, ஊறின ருசி."

இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை. உடம்பு தேற முட்டை நல்லது, நன்றாக அவித்துக் கொடுங்கள் என்று பிரீத்தா சொல்லியிருந்தாள். வீட்டில் ஒரு முட்டைதான் கிடந்தது. ஒன்றென்று தெரிந்தால் "உங்களுக்கெங்கை?" என்று கேட்டு அதை அவர் தட்டில் வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். ஆகவே அவள் படுத்திருந்த நேரம் பார்த்து அவித்து, இரண்டாக வெட்டி, பச்சை மூடிப் பெட்டியில் அடியில் வைத்து, மேலே சோற்றைப் போட்டு மறைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை கேள்விப்பட்டிருக்கிறோம். அவர் மறைத்தது ஒரு முட்டையை. இரவில் கரண்டி பட்டதும் அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துக்கொண்டே குளிக்கப் போனார். வந்து உடுத்தார், சிவப்பு மூடிப் பெட்டியைப் பைக்குள் வைத்தார், போனார்.

நாலரைக்குப் போன் வந்தது. சாப்பாட்டு இடைவேளைக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.

"இஞ்சருங்கோ, பசிச்சிது. இரவுச் சாப்பாட்டை வெள்ளெனச் சாப்பிட்டிட்டன். பிறகு குளிருது. காய்ச்சல் முப்பத்தொன்பது காட்டுது. உங்களுக்குச் சொல்லோணும் எண்டு…"

அவர் போட்டிருந்த மஞ்சள் சட்டையையும் கழற்றாமல் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் இரத்தத்தில் கிருமி என்றார்கள். பெயரும் சொன்னார்கள். சாப்பாட்டு வழியாக வரக்கூடியது, பிரிட்ஜுக்குள்ளும் மெல்ல வளரக்கூடியது, நாளாகிய சாப்பாட்டில் இருக்கக்கூடியது. இரண்டு மூன்று கிழமைக்கு முன்னரே உள்ளே போயிருக்கலாம். டொக்டர் நல்ல மனிதர், குற்றம் சாட்டவில்லை. சாப்பாடு எப்படிப் பேணினீர்கள் என்று மட்டும் கேட்டார். தேவராசா போனை எடுத்துப் பிரிட்ஜ் கதவின் படத்தைக் காட்டினார். வெப்பமானி நான்கு காட்டுகிற படத்தையும் காட்டினார். "ஒல் பிரெஷ், டொக்டர். எவ்ரி டே பிரெஷ்," என்றார். பக்கத்தில் கட்டிலில் சிவகௌரி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். அவள் நித்திரை என்று அவர் நினைத்தார்.

மறுநாள் காலை அவளுடைய உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தார். பச்சை மூடிப் பெட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. வேலைப் பைக்குள் சிவப்பு மூடிப் பெட்டி திறக்காமலே கிடந்தது. கொட்டுவதற்குக் கொண்டுபோனார், கை வரவில்லை. காய்ச்சல் மாறி வந்து, சோற்றைக் கொட்டினீங்களோ என்று அவள் கேட்டால்? பிரீசருக்குள் தள்ளிவிட்டு ஓடினார்.

அவள் வரவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டாள். கடைசியாகத் தெளிவாகப் பேசிய பேச்சு, "சாப்பிட்டனீங்களே?" என்பதுதான். அவர் ஓம் என்று பொய் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து சனம் கலைந்த பிறகு, மிதுஷா பிரீசரைத் துப்புரவாக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் வைத்தாள்.

"அப்பா, இந்தச் சிவப்பு மூடி என்ன? எறியட்டே?"

"அது என்ர. அண்டைக்கு வேலைக்குக் கொண்டுபோனது. பழசு. எறி பிள்ளை."

அவள் பெட்டியைச் சுடுதண்ணீருக்குள் பிடித்துக் கழற்றி, குப்பைக் கூடைக்கு மேலே கவிழ்த்தாள். சோறு உறைந்த கட்டியாக அப்படியே விழுந்தது. அடிப்பக்கம் மேலே வந்தது. அதில் முட்டை, இரண்டு பாதியும்.

தேவராசா பார்த்தார். கொஞ்ச நேரம் அவருக்கு விளங்கவில்லை. அந்த முட்டை பச்சை மூடிக்குள் வைத்தது. அவரே வைத்தார், தன் கையால் வைத்தார். சிவப்பு மூடிக்குள் அது எப்படி வந்தது என்று குனிந்து, குப்பைக் கூடைக்குள் கையை விட்டு, அந்தக் கட்டியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு விளங்கியது. அவர் குளிக்கிற நேரம். இரண்டு பெட்டியும் ஒரே அளவு. மூடியை மட்டும் மாற்றினால் போதும். பெட்டிக்குள் புதுசு, மேலே பழசின் மூடி. அவர் வேலையிடத்தில் ருசித்துத் தின்ற பழங்கறியெல்லாம், இப்ப சமைச்சது மாதிரிக் கிடக்கு என்று றஜீவனிடம் மார்தட்டிய கறியெல்லாம்.

"அம்மா மாத்தியிருக்கிறா," என்றார். "என்ர பழசை அவ திண்டிருக்கிறா. ஒவ்வொரு நாளும்."

மிதுஷா சுவரில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அழுதுகொண்டே கேட்டாள்.

"அம்மா எந்த நாளும் பழசுதானே அப்பா சாப்பிடுறவ. நான் சின்னனிலயிருந்து பாக்கிறன். புதுசு உங்களுக்கும் எனக்கும். உங்களுக்கு அது தெரியாதே?"

தெரியாது. இருபத்தேழு வருடம் ஒரே குசினி, ஒரே மேசை, அவருக்குத் தெரியாது. தாளில் எல்லாம் எழுதினார், டிகிரி பார்த்தார், மணித்தியாலம் பார்த்தார். அவள் வாய்க்குள் போவதைப் பார்க்கவில்லை. அவளும் வாசித்தாள்தான் அந்தத் தாளை. குசினிக்குள் வருகிற ஒவ்வொரு தரமும் அது கண்ணில்தான் பட்டது. புதுசு இருக்க அவர் பழசைத் தின்ன அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். தேவராசா அன்று வாய்விட்டு அழுதார். செத்த வீட்டில்கூட அப்படி அழவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் யாரோடும் பேசவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். பிரீத்தாதான் அவருக்குப் போன் பண்ணினாள். துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்டாள். அவர் அன்று தன் பின்னால் ஓடிவந்தது தனக்கு மறக்கவில்லை என்றாள். நாற்பது பக்கத்துக்குள் தேட வேண்டாத மாதிரி, ஒரே ஒரு தாள், தமிழில், பெரிய எழுத்தில், பிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற மாதிரி ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள். கோயில், கடை, டொக்டர் அறை எல்லா இடத்திலும் வைப்பார்கள். தன்னுடைய தமிழ் சென்னைத் தமிழ். இங்கே வீடுகளில் பேசுகிற மாதிரி அதைத் திருத்தித் தருவாரா?

அவர் போனார். சாதத்தைச் சோறாக்கினார். எழுத்து இன்னும் பெரிசாக வேண்டும் என்றார். சந்தேகம் கேட்கிற போன் நம்பர் அடியில் வேண்டாம், தலைப்பிலேயே வேண்டும் என்றார். எல்லாம் எழுதி முடிந்ததும், தன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதையும் கடைசியில போடோணும், பிள்ளை."

அதில் ஒரு வரி இருந்தது. *உங்கட வீட்டில பழசை ஆர் சாப்பிடுறது எண்டு பாருங்கோ.*

பிரீத்தா வாசித்தாள். அவள் நியாயமானவள், ஆகவே நியாயத்தைச் சொன்னாள்.

"அங்கிள், இதுல வர்ற ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேப்பாங்க. சோதிச்சுப் பார்த்து நிரூபிச்ச விஷயத்தை மட்டும்தான் போட முடியும். இது… இது வேற மாதிரி இருக்கு."

"நான் சோதிச்சுப் பாத்தனான், பிள்ளை," என்றார் தேவராசா.

பிறகு மூடிகளைப் பற்றிச் சொன்னார். முட்டையைப் பற்றிச் சொன்னார். மகளைத் தவிர வேறு யாருக்கும் அவர் சொன்னது அதுதான் முதல் தரம்.  சொல்லி முடிந்த பிறகு பிரீத்தா, அதுதான் காரணமென்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, கடையில் வாங்கிய ஒரு சாமானாகவும் இருக்கலாம் என்றாள். அவள் படித்தது அது. அதைச் சொல்லும்போதே அவள் கண்ணால் தண்ணீர் வழிந்தது. அவர் மேசையிலிருந்த காகிதத் துவாயை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

அவள் அந்த வரிக்காகக் கூட்டத்தில் வாதாடினாள். அவர்கள் மாட்டோம் என்றார்கள். அவர்கள் பக்கமும் பிழை சொல்ல முடியாது. சோற்றின் டிகிரியை அளக்கலாம், சோற்றை யார் யாருக்காக விட்டுக்கொடுக்கிறார்கள் என்று எந்தக் கருவியால் அளப்பது? தாள் அச்சாகி வந்தது. மஞ்சள் நிறம், பெரிய எழுத்து, தலைப்பில் போன் நம்பர். அவருடைய வரி இல்லை. ஆனால் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் இடம் இருந்தது.

"இது என்னத்துக்கு விட்டிருக்கு?" என்று கேட்டார்.

"டிசைன் அங்கிள்," என்றாள் பிரீத்தா. பிறகு தன் பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

அன்றிலிருந்து அவர் கையால் எழுதுகிறார். ஒவ்வொரு தாளிலும் அதே வரி, நீல மையில். வெள்ளிக்கிழமைகளில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போகிற வழியில், சனம் நின்று கதைக்கிற இடத்தில் நின்று கொடுப்பார். வாங்குகிறவர்கள் மேலே உள்ளதை வாசித்து ஒன்பது டிகிரி கதையைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். கீழே வரும்போதுதான் நிற்பார்கள். ஒருமுறை ஒரு அம்மா வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"இதென்ன அண்ணை கேள்வி? பழசை நான்தான் சாப்பிடுறது. பின்னை ஆர்?"

சொல்லிவிட்டு அவள் பிள்ளையின் சப்பாத்தைக் கட்டக் குனிந்தாள். பக்கத்தில் நின்ற புருசன் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்தான், அவளுடைய முதுகைப் பார்த்தான்.  தேவராசா இன்னொரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.

வீட்டில் அவர் இப்போதும் சமைக்கிறார். ஒரு பேணிக்குத் தண்ணீர்க் கணக்கு கடைசியில் பிடிபட்டுவிட்டது. சோறு வடிவாக வருகிறது, மிஞ்சுவதில்லை. காட்டத்தான் ஆளில்லை. வியாழக்கிழமைகளில் முட்டை அவிப்பார். சோற்றையும் கறியையும் ஆவி பறக்க ஒரு தட்டில் போட்டு, முட்டையை இரண்டாக வெட்டி மேலேயே, மறைக்காமல் வைத்து, சிவகௌரியின் படத்துக்கு முன்னால் கொண்டுபோய்ப் படைப்பார். முதற்சோறு அவளுக்கு. பழசில்லை, சுடச்சுட. மூடியில்லாத தட்டு, மாற்றி வைக்க அவளால் ஏலாது.

படைத்த சோற்றை யாராவது சாப்பிடத்தானே வேண்டும். கொட்டக் கூடாது. கதிரையைப் படத்துக்கு எதிரே இழுத்துப் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒரு மணித்தியாலம் ஆவதற்குள், தாளில் எழுதியிருக்கிறபடி, அந்தத் தட்டை எடுத்து மடியில் வைப்பார். புதுச்சோறு இன்றைக்கும் அவரிடம்தான் வந்து சேர்கிறது.

"சரி கௌரி," என்பார். "தின்னுறன்."